சூடில்லாத கட்டி

முதலில் சீட் பெல்ட்டைத்தான் சந்தேகித்தேன்.
ஜெட்டியிலிருந்து பாலிக் பூலாவுக்கு
நாளைக்கு நான்கு நடை.
மலை வளைவுகளில் பட்டை உரசுகிற அதே இடம்,
இடப்பக்கம், ஆறாவது விலாவின் மேல்
ஒரு கோலிக்குண்டு.
பிறகு லங்சாட்.
பிறகு, சொன்னால் சிரிப்பீர்கள்,
ஒரு முழு மங்குஸ்தீன்.

"உடம்புச் சூடு" என்றாள் புஷ்பலீலா.
"காலுக்குக் கீழே எஞ்சின், பின்னே என்ன?"
பார்லித் தண்ணீர் வைத்தாள். சந்தனம் குழைத்தாள்.
பூசும்போது விரல் தயங்கியது.
கட்டி கொதிக்கவில்லை, துடிக்கவில்லை.
வாழைத்தண்டைத் தொட்டதுபோல் இருந்ததாம்.

டாக்டர் ஊய் அழுத்திப் பார்த்தார்.
வலிக்கிறதா? இல்லை.
இருமல்? இல்லை.
இரவில் வேர்க்கிறதா?
பினாங்கில் யாருக்குத்தான் வேர்க்காது, டாக்டர்.

ஊசியில் வந்தது நீர்த்த தயிர். வாடையே இல்லை.
அதை எங்கோ அனுப்பிவிட்டு மூன்று வாரம்
வீட்டில் ஒரு சொல்லை நாங்கள் இருவரும்
சுற்றிக்கொண்டு நடந்தோம்,
நடுக்கூடத்தில் போட்ட கட்டிலைச் சுற்றி நடப்பதுபோல.

அது இல்லை என்றார்கள். காசநோய் என்றார்கள்.
"நல்லவேளை!" என்றாள் புஷ்பலீலா
ஆஸ்பத்திரி நடைபாதையில், எல்லோருக்கும் கேட்க.
விலாவிலிருந்து யாருக்கும் ஒட்டாது என்று
டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.
அன்று மாலை என் டம்ளர் மட்டும்
தனியே கவிழ்ந்திருந்தது.

காசம் என்றால் இருமல்.
மலாய்க்காரர்கள் வைத்த பெயரும் வறட்டு இருமல்தான்.
நான் இருமவே இல்லை.
நுரையீரல் படம் கழுவிய கண்ணாடி.
பக்கத்துப் படத்தில்
கறையான் ஏறிய சன்னல் சட்டமாய் என் விலா எலும்பு.
எலும்புருக்கி என்று ஒரு பழைய சொல் உண்டு.
ஆளை இளைக்க வைப்பதால் வந்த பெயர்,
கொஞ்சம் மிகைதான் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. வைத்தவன்
எங்கோ ஒரு மார்பைத் திறந்து பார்த்திருக்கிறான்.

காலை ஏழரை, ஜெலுத்தோங் கிளினிக்.
"நெதுமாரான்!"
என் பெயரின் டகரம்
அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததே இல்லை.
வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை,
காய்ந்த ரத்த நிறத்தில்.
தாதி ரொஹாயா எதிரே உட்கார்ந்து பார்ப்பார்.
வாயைத் திற. நாக்கைத் தூக்கு.
நாற்பத்தேழு வயதில் தினமும் ஒருவர்
என் நாக்குக்கு அடியில் தேடுகிறார்.
மாத்திரை இருக்காது.
டிப்போவில் சொன்ன பொய் இருக்கும்:
பெல்ட் காயம், சின்ன ஆபரேஷன்,
அவ்வளவுதான்.

அது டிப்போ கழிவறையில் உடைந்தது.
மருந்து சிறுநீரை ஆரஞ்சாக்கிவிடும்,
பண்டிகைச் சர்பத் மாதிரி.
பக்கத்தில் நின்ற ஹஷிம் எட்டிப் பார்த்தான்.
"என்னடா, கேரட் தோட்டமே தின்றாயா?"
சொல்லிவிட்டேன். விலா, எலும்பு, எல்லாம்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
கை கழுவினான்.
வழக்கத்தைவிட நெடுநேரம் கழுவினான்.

மறுநாள் வண்டி மாற்றும்போது
ஸ்டீயரிங்கை முழுவதும் துடைத்தான், என் கண்ணெதிரே.
பதினோரு வருடம் ஒரே பொட்டலத்து நாசி லெமாக்.
ஒரே ஒரு தடவை, சும்மாவாவது,
இருமியிருக்கலாம் நான்.

நேற்று இரவு மின்சாரம் போயிற்று.
விசிறி நின்ற இருட்டில்
புஷ்பலீலா தையல் தழும்பின் மேல்
உள்ளங்கையை வைத்தாள்.
குழி விழுந்த இடம். கையை எடுக்கவில்லை.
"இப்போ சூடா இருக்கு" என்றாள்.

அவள் கைச் சூடா, என் சூடா,
தெரியவில்லை.
இன்னும் தொண்ணூற்றொரு நாள்.